சரியாக முடுக்காத ஒரு ஸ்க்ரூ

என் மாமாவை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'இன்னொரு சுத்து' என்றால்தான் தெரியும். அவர் வயரிங் வேலை செய்தவர். கூட வேலை செய்பவர் ஸ்க்ரூவை முடுக்கிவிட்டு எழுந்தால், தோளில் கை வைத்து உட்கார வைத்து, "இன்னொரு சுத்து" என்பார். முடுக்கியாச்சு என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் விடமாட்டார்.

"இந்த மனுசனைக் கட்டிக்கிட்டதுலேருந்து எங்க வீட்டு எண்ணெய் பாட்டிலை நான் திறந்ததே இல்ல. பக்கத்து வீட்டுக்குத்தான் தூக்கிட்டு ஓடணும்" என்று அத்தை கேலி செய்வாள்.

குழாய் பதிக்கச் சுவரை மெஷினால் வெட்டும்போது சிமென்ட் தூசி புகையாக எழும்பும். மாமா மூக்கில் ஒரு துண்டு கூடக் கட்டியதில்லை. இருமல்தானே என்று இருந்துவிட்டார். நுரையீரல் பாழான பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். இனி மூக்கில் குழாயோடுதான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் வந்தது. தெருவில் வரும் கரண்ட்டை நம்பி உயிரை வைத்திருக்க முடியாது. அதனால் மொட்டை மாடியில் சோலார் தகடுகளும் மாடிப்படிக்குக் கீழே பேட்டரியும் வைத்தார். வேறு ஆளை விடவில்லை. படிக்குப் படி நின்று மூச்சு வாங்கி, அவரே செய்து முடித்தார். அதே சமயத்தில் ஒத்துக்கொண்டிருந்த இரண்டு வீட்டு சோலார் வேலையையும் முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் படுத்தார்.

இந்தக் கோடையில் பிரேக்கர் விழ ஆரம்பித்தது. மாடியிலிருந்து இறங்கும் கரண்ட் பேட்டரிக்குப் போகும் வழியில் அந்த பிரேக்கர் இருக்கிறது; கோளாறு என்றால் தானாக விழுந்து கரண்ட்டை நிறுத்தும் சுவிட்ச். காலையில் ஒழுங்காக இருக்கும். வெயில் உச்சிக்கு ஏறியதும் 'டக்' என்று விழும். அத்தை தூக்கி விடுவாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் விழும். வெயில் தாழ்ந்துவிட்டால் விழாது. ஆனால் அப்போது பேட்டரியில் ஏற வெயிலும் இருக்காது.

"பிரேக்கர் பழசாயிடுச்சு. புதுசு வாங்கிப் போடு" என்றார் மாமா. அவர் சொன்னால் அத்தைக்கு அதற்கு மேல் பேச்சில்லை.

எலக்ட்ரிக் கடைக்காரர் புது பிரேக்கரோடு வந்த அன்று தெருவில் லைன் வேலை நடந்தது. காலையிலிருந்தே கரண்ட் இல்லை. பேட்டரியும் தீர்ந்து மெஷின் நின்றுவிட்டது. மாமாவைச் சின்ன சிலிண்டருக்கு மாற்றியிருந்தோம். அது சாயங்காலம் வரை தாங்காது. அத்தை சிலிண்டரின் முள்ளையும் கடைக்காரரின் கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் முதலில் மாடிக்குப் போய்த் தகடுகளின் சுவிட்சை அணைத்தார். கீழே வந்து பெட்டியைத் திறந்தார். டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, பிரேக்கரின் ஸ்க்ரூவில் ஸ்க்ரூடிரைவரை வைத்தார். அழுத்தவே வேண்டியிருக்கவில்லை. அது தானாகச் சுற்றியது. ஒயரின் நுனி கருகி, அதன் பிளாஸ்டிக் உருகியிருந்தது.

"அக்கா, பிரேக்கர் மேல தப்பே இல்ல. ஸ்க்ரூ லூசு. உச்சி வெயில்ல கரண்ட் நிறைய வருதுல்ல, இந்த இடம் கொதிக்குது. அந்தச் சூட்டுலதான் இது விழுது. நல்ல வேளை, விழுந்துச்சு." அவர் சிரித்தார். "யாரு வேலை அக்கா இது? முடுக்கினவனுக்குக் கையில எலும்பே கிடையாதா?"

அத்தை அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். அது திறந்துதான் இருந்தது.

"யாரோ ஒரு பையன்" என்றாள். "கூட வேலை செஞ்சவன். நீ சீக்கிரம் மாட்டு."

"அதானே. இன்னொரு சுத்து அண்ணன் வீட்டுலயே ஒருத்தன் இப்படிப் பண்ணியிருக்கான் பாருங்க!"

உள்ளேயிருந்து கட்டில் கம்பியில் மோதிரம் தட்டும் சத்தம் கேட்டது. மாமா ஆளைக் கூப்பிடுவது அப்படித்தான். மூவரும் போனோம். அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"பையன் யாரும் இல்லப்பா. நான்தான்" என்றார்.

கடைக்காரருக்கு முகம் செத்துவிட்டது. "அண்ணே, நான் ஏதோ விளையாட்டுக்கு..."

"நீ சொன்னது சரிதான். அப்போ கையில பலமில்ல. முடுக்கிட்டேன்னு நினைச்சேன்." மூச்சு வாங்கினார். "முதல்ல இதை முடி. அப்புறம் அந்த ரெண்டு வீட்டுக்கும் போ. அதுவும் இதே கைதான்."

அத்தை பதறிப்போனாள். "ஏங்க, அங்கெல்லாம் ஒண்ணும் ஆகலையே? இத்தனை வருசம் சம்பாதிச்ச பேரு. இந்த நிலைமையில அதையும் தொலைக்கணுமா?"

"எங்க வீட்டு பிரேக்கர் விழுந்துச்சு. அங்க விழாம எரிஞ்சா என்ன செய்வ?"

அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

கடைக்காரர் கருகிய நுனியை வெட்டி, புதிதாகச் சீவி, புது பிரேக்கரில் பொருத்தி முடுக்கினார். வெயில் இன்னும் இருந்தது. மெஷின் மறுபடி உறுமத் தொடங்கியதும் மாமாவை அதற்கு மாற்றினோம். அத்தை செருப்பை மாட்டிக்கொண்டாள். "நானும் வரேன். கேக்குறதை நான் கேட்டுக்கறேன்" என்று கடைக்காரரோடு கிளம்பினாள்.

திரும்பி வரும்போது அவள் முகம் வாடியிருந்தது. முதல் வீட்டில் எல்லாம் இறுக்கமாக இருந்ததாம். இரண்டாவது வீட்டில், டீச்சரம்மா வீட்டில், ஒரு ஸ்க்ரூ லூசாகிப் பெட்டியின் மூலை சூட்டில் பழுத்துப் போயிருந்ததாம். சரிசெய்தாகிவிட்டது.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டார் மாமா.

"ஒண்ணும் சொல்லல. நீங்க தூங்குங்க."

மாமா போனைக் கேட்டார். அத்தை கொடுக்கவில்லை. அவர் கையை நீட்டியபடியே இருந்தார். கடைசியில் கொடுத்தாள்.

"டீச்சரம்மா, நான்தான்" என்று தொடங்கினார். அதற்கு மேல் அந்த அம்மாள் அவரைப் பேச விடவில்லை. "எம்புள்ளைங்க அந்தப் பெட்டிக்குக் கீழதான் படுக்குதுங்க, தெரியுமா உங்களுக்கு?" என்று அவர் கத்தியது எங்களுக்கே கேட்டது.

"ஆமாம்மா" என்றார் மாமா. "ஆமாம்மா. என் தப்புதான்."

அத்தை போனைப் பிடுங்க வந்தாள். அவர் அதை மற்ற காதுக்கு மாற்றி, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, அந்த அம்மாள் பேசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.