அரைத்தாள், இதழ் ஐந்து

கடையின் பெயர்ப்பலகை அரை விரல் சரிந்திருந்தாலும் அவளுக்கு அன்றைக்கு வேலை ஓடாது. ஸ்டூலைப் போட்டு ஏறி, பலகையை நிமிர்த்திவிட்டு இறங்கினால்தான் முதல் ஆளின் தாளைக் கையில் வாங்குவாள். எதிர்க் கடை சலூன்காரர் அதைப் பார்த்துத்தான் தன் ஷட்டரைத் தூக்குவார். "பலகைய நிமித்தியாச்சா? அப்ப மணி ஒன்பது" என்பார்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு மாடிப்படியின் அடியில் இருந்த ஜெராக்ஸ் கடை அது. முதலாளி வாரத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பார். மற்ற நாட்களில் இரண்டு மெஷின், ஒரு பேப்பர் கட்டர், அவள். தொழிலை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. மெஷினோடு வந்த புத்தகத்தில் படங்களைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாள். டோனர் குறைந்தால் எந்த ஓரம் முதலில் வெளுக்கும், மழை நாளில் தாள் கட்டை எத்தனை தடவை விசிறிவிட வேண்டும் என்பதெல்லாம் கை சொல்லிக் கொடுத்த பாடம். வருகிறவர் கொண்டுவந்த மூலமே கோணலாக இருந்தால் அடியில் ஒரு துண்டுக் காகிதத்தை முட்டுக் கொடுத்து, நகலை நேராக எடுத்துத் தருவாள்.

"ஒரிஜினலே அப்படித்தாம்மா இருக்கு" என்பார்கள்.

"இருந்துட்டுப் போகட்டும். நகல் என்னோடதாச்சே."

அவளுக்கு 'நேர்கோடு' என்று பெயர் வைத்தது பிளேடு. பிளேடு என்பதும் வைத்த பெயர்தான். ஒரு விளம்பர அலுவலகத்தில் பக்கங்களை வெட்டி ஒட்டும் வேலையில் இருந்த இருபத்திரண்டு வயதுப் பெண். பென்சில் டப்பாவில் எப்போதும் அரை பிளேடு இருக்கும். வாயைத் திறந்தால் மூடவும் மாட்டாள். "ரெண்டு வகையிலயும் பொருந்துதுக்கா" என்று அவளே ஒப்புக்கொள்வாள்.

அவள் தானே எழுதி, தானே எழுத்துகளை வெட்டி ஒட்டி, நூற்றைம்பது பிரதி எடுத்து, மடித்து, நடுவில் இரண்டு பின் அடித்து, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோர் கையிலும் திணிக்கிற குட்டிப் பத்திரிகைதான் 'அரைத்தாள்'. விலை கிடையாது, விளம்பரம் கிடையாது. முதல் இதழில் ஒரே ஒரு எழுத்து. பக்கத்துக்குப் பக்கம் பெரிதாகிக்கொண்டே போய், கடைசிப் பக்கத்தில் அதன் ஒரு சுழி மட்டும் கறுப்பு மலையாக நின்றது. நேர்கோடு அந்த ஒரு எழுத்தை இரண்டு மணி நேரம் நகலின் நகலாகப் பெரிதாக்கினாள்.

இரண்டாம் இதழுக்குத்தான் முதல் சண்டை.

"வெளிச்சம் ஓடும்போது தாள மெதுவா இழுங்கக்கா. எழுத்து ரப்பர் மாதிரி நீளும்."

"அசைக்காதீங்கன்னு மெஷின் மேலயே எழுதிப் போட்டிருக்கான். படிக்கத் தெரியாதா உனக்கு?"

"தெரிஞ்சதாலதான் கேக்குறேன்."

கடைசியில் பிளேடே இழுத்தாள். நேர்கோடு சுவர்க் காலண்டரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். வெளியே வந்த தாளில் எழுத்துகள் வெயிலில் உருகினது போல வழிந்திருந்தன. வெகு நேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா என் கை செய்யாது" என்றாள்.

அப்படியே இரண்டு வருடம் ஓடியது. மதியம் கூட்டம் ஓய்ந்ததும் பிளேடு வந்துவிடுவாள். சூடான மெஷினின் மேல் டீ டம்ளரை வைக்கக் கூடாது என்று ஒருத்தி திட்ட, வைத்துக்கொண்டே இன்னொருத்தி பேச, மடித்த தாள்கள் மேசையில் ஏறும். ஸ்கேலின் விளிம்பால் மடிப்பை நீவும் சத்தத்தை இன்றைக்கும் நேர்கோடுக்குக் காதில் கேட்கும். அந்த நாட்களில் அவளிடம், 'எதற்கு இத்தனை உழைப்பு?' என்று யாராவது கேட்டிருந்தால் பதில் தெரிந்திருக்காது. யாரும் கேட்கவும் இல்லை.

ஐந்தாம் இதழ் வந்தபோது பிளேடு வரவில்லை. அப்பாவை மருத்துவமனையில் சேர்த்திருப்பதாகத் தகவல் வந்து, காலை பேருந்திலேயே ஊருக்குப் போய்விட்டாள். நகலெடுக்க வேண்டிய தாள்களின் கோப்பை எதிர்க் கடை சலூன்காரரிடம் கொடுத்திருந்தாள். மேலே ஒரு சீட்டு: 'அக்கா, நூற்றைம்பது. சனிக்கிழமை தம்பி வந்து வாங்கிக்கொள்வான்.'

கோப்பைத் திறந்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எட்டு மூலத்தாள்கள், தாளுக்கு இரண்டு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் நாலைந்து வரி அச்சிட்ட ஒரு துண்டு. அத்தனையும் கண்டபடி சரிந்து கிடந்தன. மடித்துப் பின் அடிக்கிற புத்தகத்தில் ஒன்றாம் பக்கமும் பதினாறாம் பக்கமும் ஒரே தாளில் அருகருகே வரும். இரண்டும் பதினைந்தும் அடுத்த தாளில். அதனால் ஒரு தாளில் ஒரு துண்டு நேராக நிற்க, பக்கத்தில் இன்னொன்று படுத்துக் கிடந்தது. மற்ற தாள்களில் ஒன்று லேசாகச் சாய்ந்தால் மற்றது முக்கால்வாசி கவிழ்ந்திருந்தது. பிளேடு ஒட்டுவது சைக்கிள் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனால். பிடிக்காவிட்டால் உரித்து இடம் மாற்றலாம் என்பாள். 'பதற்றத்தில் காயவிடாமல் மூடியிருக்கிறாள், கோப்புக்குள்ளேயே வழுக்கிவிட்டது' என்று நேர்கோடு முடிவுகட்டினாள். கோணல் வேண்டுமென்றால் பிளேடு வாய் ஓயாமல் சொல்லியிருப்பாளே.

பாவம், அப்பா கிடக்கிற கிடையில் அந்தப் பெண் இதை வேறு பார்த்துக்கொண்டிருப்பாளா?

நேர்கோடு ஒரு நாள் மதியம் முழுக்கக் கடையைப் பாதி மூடிவைத்தாள். பதினாறு துண்டுகளையும் உரித்து, புதிய தாள்களில் பென்சில் கோடு போட்டு, மயிரிழை பிசகாமல் ஒட்டினாள். துண்டுகளில் இருந்தவை பேருந்து ஓட்டுநரான ஒரு அப்பாவைப் பற்றிய சின்னச் சின்னக் குறிப்புகள். கடைசிப் பக்கத்தில் ஒரே வரி: 'அப்பா, இப்போ நேரா தெரியுதா?' புதுக் கண்ணாடி போட்டிருப்பார் போல என்று நினைத்துக்கொண்டாள். நூற்றைம்பது பிரதியும் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி வந்தன.

ஒன்பது நாள் கழித்துப் பிளேடு வந்தாள். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. "ரொம்ப நீட்டா இருந்துச்சுக்கா" என்றாள். வேறெதுவும் பேசவில்லை. வாயாடி வாயடைத்ததை அலுப்பு என்று நேர்கோடு எடுத்துக்கொண்டாள்.

ஆறாம் இதழின் மூலத்தாள்கள் வந்தபோது ஒவ்வொரு மூலையிலும் வெளிர்நீலப் பென்சிலில் பொடி எழுத்தில் இருந்தது: 'தொடாதீங்கக்கா.' அந்த நீலம் அந்த மெஷினின் கண்ணில் படாது, நகலில் விழாது. அதைப் படித்ததும் தாளை மேசையில் வைத்துவிட்டுப் பிளேடைப் பார்த்தாள்.

"அப்ப அஞ்சாவதுல..."

"அத விடுங்கக்கா."

"வேணும்னே பண்ணியிருந்தியா?"

"விடுங்கன்னா விடுங்களேன். டீ ஆறுது பாருங்க."

ஏழாம் இதழோடு பிளேடு வேறு ஊருக்கு வேலை மாறிப் போனாள். 'அரைத்தாள்' அத்தோடு நின்றது. விட்டுவிடச் சொன்னதை மட்டும் நேர்கோடால் விட முடியவில்லை. அவளுக்குக் கல்யாணமானது, கடை கை மாறியது, முட்டி வலி வந்து வேலையை நிறுத்தினாள். நேராக அடுக்கிய எதைப் பார்த்தாலும் ஐந்தாம் இதழ் நினைவுக்கு வந்தது.

இருபத்துநாலு வருடம் கழித்து, ஒரு காலையில் போன் வந்தது. குரல் கனத்திருந்தது; வேகம் மட்டும் அப்படியே.

"நேர்கோடக்கா! பிளேடு பேசுறேன். இன்னும் பலகையெல்லாம் நிமித்துறீங்களா?"

"பலகை எங்க இருக்கு? வீட்டுக்காரரத்தான் நிமித்திக்கிட்டு இருக்கேன்."

இப்படிக் கையால் செய்த பத்திரிகைகளுக்கு ஒரு நூலகம் கண்காட்சி வைக்கிறதாம். 'அரைத்தாள்' இதழ்களை ஒரே பெட்டியில் மறுபடி அச்சிடுகிறாளாம்.

"ஆறு இதழ்க்கா."

"ஏழுல்ல?"

"அஞ்சாவதச் சேக்கல. அது நான் ஒட்டினது இல்லையேக்கா."

அன்றைக்குத்தான் சொன்னாள். அப்பாவுக்கு முதுகில் அறுவை. மாதக்கணக்கில் இடது பக்கமாக ஒருக்களித்துத்தான் கிடக்க வேண்டும் என்று இதழை ஒட்டுவதற்கு முன்பே சொல்லிவிட்டார்கள். அதனால் முதல் பக்கம் நேராக. அப்புறம் பக்கத்துக்குப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக இடப்புறம் சாய்ந்து, கடைசி வரி முழுசாகப் படுத்துவிடும். படிக்கிறவர்கள் தலையைச் சாய்த்துக்கொண்டே போக வேண்டும். படுத்திருக்கிற ஒருவருக்கு மட்டும் கடைசிப் பக்கம் நேராகத் தெரியும்.

"அவர் பாத்தாரா?"

"பாத்தாரு. கடைசிப் பக்கம் வந்ததும் நான் புத்தகத்தத் திருப்பிப் புடிச்சேன். படிச்சுட்டுச் சிரிச்சாரு. அவ்ளோதான்கா. நீங்க வருத்தப்படாதீங்க. எந்தப் பக்கம் எவ்ளோ சாய்ச்சேன்னு எனக்கே இப்ப ஞாபகமில்ல. குத்துமதிப்பா மறுபடி பண்ண மனசு வரல. அதான் விட்டுடலாம்னு."

"ஒரு வாரம் பொறு" என்றாள் நேர்கோடு.

ஒரு பக்கம் வெள்ளையாக இருக்கிற தாளைத் தூக்கிப்போட அவளால் ஆகாது. துண்டுகளை உரித்தபின் மிஞ்சிய அந்த எட்டு மூலத்தாள்களையும் பின்புறம் குறிப்பெழுத என்று எடுத்துவைத்தவள், ஒன்றில்கூட எழுதியிருக்கவில்லை. பரணில் இருந்த தாள் பெட்டியை வீட்டுக்காரர் முனகிக்கொண்டே இறக்கினார். அவர் எலெக்ட்ரீஷியன்; ஏணி அவருடைய ராஜ்யம்.

அடியில் கிடந்தன எட்டும். அன்றைக்கு வெறும் வெள்ளைத் தாள். இன்றைக்கு சொல்யூஷன் பழுத்து, துண்டுகள் ஒட்டியிருந்த இடமெல்லாம் பழுப்பு நிறத்தில் கட்டங்கட்டமாகத் தெரிந்தது. ஒவ்வொரு கட்டமும் அதனதன் சாய்வில். அவள் ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்து கோணமானியை எடுத்து, பக்க வரிசையில் அளந்து எழுதினாள். பூஜ்யம். ஆறு. பன்னிரண்டு. பதினெட்டு. எங்கும் அரை டிகிரி பிசகில்லை. பதினைந்தாம் பக்கம் எண்பத்துநாலு. பதினாறு, தொண்ணூறு.

தன்னைவிடக் கறாராக ஒருத்தி ஒட்டியிருந்ததைத்தான் தான் உரித்துப் போட்டிருக்கிறோம் என்று அப்போது தெரிந்தது.

போனில், "தடம் இருக்குடி" என்றாள்.

"என்ன தடம்?"

"ஒட்டின தடம். பதினாறும் இருக்கு. ஆறாறா ஏத்தியிருக்க."

மறுமுனையில் பிளேடு மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

தன்னிடமிருந்த ஐந்தாம் இதழைத் தெருமுனைக் கடையில் நகல் எடுத்தாள். வரிகளை நறுக்கி, அந்தப் பழுப்புக் கட்டங்களின் மேலேயே வைத்து ஒட்டினாள். 'என் கை செய்யாது' என்று என்றைக்கோ சொன்ன கை, சாய்வாக ஒட்டும்போது இரண்டு தடவை தானாக நிமிர்த்தப் பார்த்தது. நாலு நாள் ஆயிற்று. ஐந்தாம் நாள் மாதிரிப் பிரதி ஒன்றை மடித்து, கடைசிப் பக்கம் முன்னால் தெரிய நாற்காலிக் காலில் சாய்த்து வைத்துவிட்டு, எதிரே தரையில் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்தாள்.

வீட்டுக்காரர் உள்ளே வந்தவர் அலறிவிட்டார். "ஐயோ, என்னாச்சு? விழுந்துட்டியா?"

"கத்தாதீங்க. சரி பாக்குறேன்."

"படுத்துக்கிட்டா?"

"இத அப்படித்தான் பாக்கணும். நீங்களும் வாங்க."

அவர் சுவரைப் பிடித்து, முட்டியைப் பிடித்து, ஒருவழியாகப் படுத்தார். "தலைகீழால்ல இருக்கு."

"வலது பக்கம் படுத்தா அப்படித்தான். பிளேடோட அப்பா படுத்திருந்தது இடது பக்கம். திரும்புங்க."

அவர் புரண்டார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாய்விட்டுப் படித்தார்: "அப்பா, இப்போ நேரா தெரியுதா?"

பிறகு, "தெரியுது" என்றார்.

மூலத்தாள்களைப் பிளேடுக்கு அனுப்பும் முன் நேர்கோடு ஒரு வெளிர்நீலப் பென்சில் வாங்கிவந்தாள். அச்சகத்தில் தன்னைப் போல ஒருத்தி இருந்தால்? எட்டுத் தாளின் மூலையிலும் பொடி எழுத்தில் எழுதினாள்: 'தொடாதீங்க.'

பத்து நாளில் பிளேடு கூப்பிட்டாள்.

"அக்கா, இப்ப இருக்கிற ஸ்கேனருக்கு எல்லா நிறமும் தெரியும். உங்க நீலமும் விழுந்து, ஏழு இதழும் அச்சாகிப் பெட்டியேறிடுச்சு."

"ஐயையோ! நீ பாத்து அழிச்சிருக்கக் கூடாதா?"

"எப்படிக்கா அழிக்கிறது? தொடாதீங்கன்னு போட்டிருக்கே."