உறை கிழியாத சஞ்சிகைக்கு ஐம்பத்தொன்று

சுங்கை லாலாங் பக்கத்துத் தோட்டத்தில் மருந்தடித்த மருதம்மாளைப் பழைய ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். அம்மாசியின் மூத்த மகள். ரப்பர் பால்மரத்தைச் சாய்த்து எண்ணெய்க்குச் செம்பனை வைத்த காலத்தில், களைக்கொல்லிப் பம்பை முதுகில் மாட்டிய முதல் எட்டுப் பெண்களில் ஒருத்தி. அவளுடைய கடைசி மகள்தான் குணசுந்தரி. தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் பிறந்து, பீடோங்கில் வாழ்க்கைப்பட்டு, இருபத்திரண்டு வருடமாக ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்க்கிறாள். பெரிய பதவியெல்லாம் இல்லை. வருகிற சஞ்சிகைகளுக்கு முத்திரை குத்தி அடுக்கில் வைப்பவள். எதற்கும் முகம் சுளிக்காதவள் என்று பெயர் வாங்கியவள். அவளே ஒரு வாரம் பூராவும் வாயில் வேப்பெண்ணெயை வைத்துக்கொண்டவள் மாதிரித் திரிந்தாள்.

நாற்பது சஞ்சிகைகளுக்குச் சந்தாவை நிறுத்த வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. வெளிநாட்டுப் பெரிய கம்பெனிகளின் சஞ்சிகைகள் கட்டுக்கட்டாகக் கம்ப்யூட்டரில் வருபவை. அதில் முக்கால்வாசியை எவனும் திறப்பதில்லை. ஆனாலும் கட்டிலிருந்து ஒன்றை உருவ முடியாது, ஒப்பந்தம் அப்படி என்றார்கள். ஆக, கத்தி விழுந்தது சின்னச் சின்னச் சங்கங்கள் தாளில் அச்சடித்து அனுப்புகிற சஞ்சிகைகளின் கழுத்தில். எளியவன் பெண்டாட்டி எல்லாருக்கும் மதினி என்பது நூலகத்துக்கும் பொருந்தும் போலிருக்கிறது.

எதை வெட்டுவது என்பதற்கு ஒரு முறை வைத்தார்கள். படித்தவர்கள் சஞ்சிகையைத் திருப்பி அடுக்கக் கூடாது, மேசையிலேயே விட்டுவிட வேண்டும் என்று இங்கிலீஷில் ஒரு போர்டு. காலை எட்டரைக்குக் குணசுந்தரி மேசை மேசையாகப் போய், கிடக்கிற ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போடுவாள். மூன்று மாதத்துக் கோடுகளைக் கூட்டினால் எது படிக்கப்படுகிறது, எது படிக்கப்படவில்லை என்று தெரிந்துவிடும். அந்தப் பட்டியலின் அடியில் 'தயாரித்தவர்' என்று அவள் பெயர்தான் இருந்தது.

பட்டியலைச் சுவரில் ஒட்டிய மறுநாள் உமாராணி வந்து நின்றாள். கோலா கெத்தில் கிளினிக்கில் தாதி. மருந்தடிக்கிற பெண்களின் கைப்புண்ணைப் பற்றி மேற்படிப்பு ஆராய்ச்சி செய்கிறவள். வேலை முடிந்து சாயங்காலம்தான் நூலகத்துக்கு வர முடியும்.

"அக்கா, பச்சை அட்டை போட்ட மருந்து விஷ சஞ்சிகைக்குச் சைபர்னு போட்டிருக்கீங்க. வாரத்துல மூணு நாளு நாந்தானே அதைப் படிக்கிறேன்?"

"மேசையிலதான் விட்டுட்டுப் போறியாம்மா?"

"மேசையிலதான்கா. போர்டு போட்டிருக்குல்ல? அது கம்ப்யூட்டர்லயும் இல்ல. நிறுத்திட்டா என் வேலை பாதியில நிக்கும் லா."

மருதம்மாளின் கை குணசுந்தரியின் கண்முன் வந்து போனது. நகம் கறுத்து, ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்த கை. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் அதற்கு மஞ்சள் பூசச் சொன்னான்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே போய்விட்டாள். உள்ளே துப்புரவு வேலைக்காரி அம்சவள்ளி மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மேசையில் கிடந்த பச்சை அட்டைச் சஞ்சிகையை எடுத்து, முந்தானையால் துடைத்து, இரண்டு கண்ணிலும் ஒற்றி, அதே அட்டைப்படம் ஒட்டிய அடுக்கில் கொண்டுபோய்ச் செருகினாள்.

"அக்கா! என்னா பண்றீங்க?"

"பொஸ்தகம் லா தங்கச்சி. படிச்சுட்டு அப்படியே மல்லாக்கப் போட்டுட்டுப் போறானுங்க. சரசுவதி கெடந்து சீரழியுறா. நான் இல்லேன்னா இந்த எடம் வெளங்குமா?"

"தெனமும் எடுத்து வெச்சிடுவீங்களா?"

"ஒரு நாளு தப்பினதில்ல. படத்தைப் பாத்து எடம் மாறாம வெப்பேன்" என்றாள் அம்சவள்ளி, பெருமையாக.

முந்தின நாள் படித்தவர்களுக்கு விழ வேண்டிய மூன்று மாதக் கோடு முழுவதும் அந்த முந்தானைத் துடைப்போடு போயிருந்தது. அவளைத் திட்ட வாய் வரவில்லை. லயத்தில் வளர்ந்த எவளும் அதைத்தான் செய்வாள். குணசுந்தரியே வீட்டில் அதைத்தானே செய்கிறாள்.

"அப்போ நான் எட்டரைக்குப் பாக்குறப்ப சில நாளு நாலஞ்சு மேசையில கெடக்குதே, அது?"

"அது எட்டு மணிக்கு மேல வர்றது. இரு, நீயே பாரு."

எட்டே காலுக்கு ஒருவர் வந்தார். டாக்டர் யோகேந்திரன். எந்தெந்தச் சஞ்சிகை இருக்க வேண்டும் என்று முடிவுசெய்கிற குழுவில் ஒருவர். குணசுந்தரிக்கு முறைக்கு அண்ணன், அதே தோட்டத்து ராமையாவின் மகன். ராமையாவின் சம்சாரமும் மருதம்மாளும் வேலை வாங்குகிற ஒரே மண்டோரின் கீழ் பம்பு தூக்கியவர்கள், ஒரே தூக்குச் சட்டியில் பசியாறியவர்கள். அந்த மனிதர் அடுக்கிலிருந்து நாலு சஞ்சிகைகளை எடுத்து, மேசைக்கு ஒன்றாகப் போட்டுவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு போனார். ஒன்றைக்கூட விரிக்கவில்லை.

குணசுந்தரி போய்ப் பார்த்தாள். அவர் ஆசிரியர் குழுவில் இருக்கிற சஞ்சிகை. பட்டியலில் ஐம்பத்தொரு கோடு வாங்கியது. நாலு இதழுமே வந்த பிளாஸ்டிக் உறைக்குள் கிழியாமல் இருந்தன. இத்தனை நாளும் அந்த உறைகளுக்குத்தான் கோடு போட்டிருக்கிறோம், குனிந்துகூடப் பார்க்காமல்!

வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு அந்த நாலையும் கொண்டுபோய் மேசை நடுவில் வைத்தாள். கூட்டம் மலாயில் நடந்தது. எல்லோரும் மரியாதையாகப் 'புவான்' என்று கூப்பிடுகிற தலைமை நூலகர் ஹஸ்னா அம்மாளிடம் ஒன்று விடாமல் சொன்னாள். அம்சவள்ளி எடுத்து வைத்தது, தான் சரிபார்க்காமல் விட்டது, எல்லாமே. காலையில் யார் கொண்டுவந்து போடுகிறார்கள் என்பதைச் சொல்ல மட்டும் வாய் தயங்கியது.

யோகேந்திரன் புன்சிரிப்பு மாறாமல், அங்கே வேறு யாருக்கும் புரியாத தமிழில் மெல்லச் சொன்னார்: "குணா, நாலு பேரு முன்னால குடும்ப மானத்தை வாங்காதே. உங்கம்மாவும் எங்கம்மாவும் ஒண்ணா மண்ணாக் கெடந்தவங்க. சின்ன விஷயம் லா, விடு."

பம்பு தூக்கிய தாயின் பெயரைச் சொல்லி, பம்பு தூக்குகிறவர்களைப் பற்றிய ஒரே சஞ்சிகையைப் புதைக்கிறான். மலத்தை மிதித்த காலோடு பூசையறைக்குள் வந்தவனைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தாள். பிறகு எல்லோர் காதிலும் விழும்படி மலாயில் சொன்னாள்: "டாக்டர் என்னைச் சொல்ல வேண்டாம் என்கிறார். கொண்டுவந்து போட்டது இவர்தான். என் கண்ணால் பார்த்தேன்."

ஒரு பேராசிரியர் தன் கைப்பேசியைத் தடவினார். இன்னொருவர் தட்டிலிருந்த கறிபாப் பலகாரத்தைக் கடித்தார். அவர்கள் சஞ்சிகைகளும் பட்டியலில் பிழைத்திருந்தவைதான்.

ஹஸ்னா அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மறுபடி எண்ண மூன்று மாதம் வேண்டும். பட்டியல் இன்று மாலை மேலே போக வேண்டும். கூட்டலில் குழப்பம் இருப்பதால் யாருக்கும் பாதகமில்லாமல் இருக்கிறபடியே அனுப்பிவிடலாம்."

"இருக்கிறபடியே அனுப்பினால் என் பெயரை எடுத்துவிடுங்கள், புவான். பொய்க்குக் கையெழுத்துப் போடமாட்டேன்."

"அதைச் செய்யலாம்" என்றார் அந்த அம்மாள், அத்தனை சுலபமாக. ஒரு கோடு அடித்து, 'தயாரித்தவர்: சஞ்சிகைப் பிரிவு' என்று மாற்றினார்கள். நாற்பதும் வெட்டுப்பட்டன. மருந்து விஷச் சஞ்சிகை ஏழாவது. உறை கிழியாத நாலும் அடுக்குக்குத் திரும்பின.

வெளியே படிக்கட்டில் யோகேந்திரன் காத்திருந்தார். "கோவமா குணா? அம்மா உன்னைக் கேட்டுக்கிட்டே இருக்காங்க. ஞாயித்துக்கெழமை மச்சானைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வாயேன்."

"தள்ளி நில்லுங்க டாக்டர், நான் போகணும்."

நாற்பத்தாறு வயதுவரை அவரை 'அண்ணே' என்று தவிர வேறெப்படியும் அவள் கூப்பிட்டதில்லை. அதற்குப் பிறகு அப்படிக் கூப்பிடவே இல்லை. அவர் மகள் கல்யாணத்துக்கும் போகவில்லை. கேட்டவர்களிடம் காரணத்தை மறைக்கவும் இல்லை. உமாராணி இப்போது சனிக்கிழமைகளில் பஸ் ஏறிப் பினாங்குக்குப் போய், வேறொரு நூலகத்தில் அந்தச் சஞ்சிகையைப் படிக்கிறாள்.