தூணில் தட்டிய குங்குமம்

மயிலாப்பூரில் எங்கள் தெருக் கோயிலுக்குப் போனால், நெற்றியில் இட்டது போக மிஞ்சிய குங்குமத்தைத் தூணில் தட்டிவிடுவேன். அதற்காகக் கூச்சமே பட்டதில்லை.

கணவரோடு சுற்றுலா போன கம்போடியாவில் கடைத்தெரு சுற்றி, வாழையிலைக் கிண்ணத்தில் தேங்காய்ப்பால் மீன் சாப்பிட்டுவிட்டு, பாழடைந்த பழங்கோயில் ஒன்றுக்குப் போனோம். கைப்பையில் இருந்த குங்குமத்தை இட்டுக்கொண்டேன். பழக்கதோஷத்தில் மிச்சத்தைப் பக்கத்துத் தூணில் தட்டிவிட்டேன்.

"இன்னாம்மா பண்ற? நம்மூரு தூணுன்னு நெனச்சியா?" கணவர் பதறினார்.

காவலுக்கு நின்ற பெண் ஓடிவந்தாள். திட்டவில்லை. மெல்லிய தூரிகை ஒன்றை என் கையில் கொடுத்து, துடைக்கும்படி சைகை காட்டினாள். துடைக்கத் துடைக்க, குங்குமத்தோடு பழந்தூசியும் உதிர்ந்து, தூணில் செதுக்கிய சாண் உயரக் கல் பெண்ணொருத்தி தெரிந்தாள். மூக்கு வந்தது, இமை வந்தது, கடைசியில் ஆயிரம் வருடத்துச் சிரிப்பு வந்தது.

ஊர் திரும்பியதும் எங்கள் கோயில் தூண் முன்னால் நின்றேன். இத்தனை வருடமாக நான் தட்டிய குங்குமத்துக்கு அடியில், யார் சிரித்துக்கொண்டிருக்கிறார்களோ!