முனி அறைந்த வாரம்

போன மாதம் ஒரு காலையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். நான் ஓரிடத்தில் உட்கார்ந்து எதையும் செய்கிறவள் அல்ல. பூண்டைக்கூட நடந்துகொண்டே உரிப்பேன் என்று மருமகள் கிண்டல் செய்வாள். அன்று அதிசயமாக உட்கார்ந்திருந்தேன். வலது கையிலிருந்த பூண்டுப் பல் நழுவிக் கீழே விழுந்தது. எடுக்கப் போனேன், கை போகவில்லை. வலி இல்லை. எறும்பு ஊர்கிற மாதிரி மரத்துப்போகவும் இல்லை. என் மடியில் யாரோ ஒருவருடைய கை கிடந்தது, அவ்வளவுதான். மருமகளைக் கூப்பிட வாயைத் திறந்தால் வேறு ஏதோ சத்தம் வந்தது. அவள் அடுப்படியில் குக்கர் விசிலுக்கு நடுவே நின்றிருந்தாள், அவளுக்குக் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் கை வந்துவிட்டது. விரல்களை மடக்கினேன், நீட்டினேன். பேரன் பேரைச் சொல்லிப் பார்த்தேன், வந்தது. கிழமை சொல்லிப் பார்த்தேன், வந்தது. கீழே கிடந்த பூண்டையும் எடுத்துவிட்டேன். அப்போதுதான் அவள் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னா அத்தே, மூஞ்சி ஒரு மாரியா இருக்குது?"

பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதே பதிலை என் அப்பாவும் ஒருமுறை சொன்னார். அவர் சொன்னது தெரியாமல் நான் சொன்னது புரியாது.

நாங்கள் சங்கராபுரத்துக்கு மேற்கே, கல்வராயன் மலை அடிவாரத்து ஊர். அப்பாவுக்குக் கரும்பும் நெல்லும் இருந்தன. அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். வரப்பில் எனக்கு முன்னால் நடந்தால் நான் ஓடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் அந்த வருஷம் ஒன்றைக் கவனித்திருந்தேன். கிணற்று மேட்டில் ஏறியதும் நின்று மார்பில் கையை வைத்துக்கொள்வார். "ஒண்ணும் இல்ல, உள்ள கோழிக்குஞ்சு மாரி படபடங்குது" என்று சொல்லிவிட்டு மறுபடி நடப்பார். சங்கராபுரத்து டாக்டர் பிரஷர் ஜாஸ்தி என்று மாத்திரை கொடுத்திருந்தார். அதை அப்பா ஜுர மாத்திரை மாதிரிதான் சாப்பிட்டார். தலை வலித்தால் ஒன்று, வலிக்காவிட்டால் இல்லை. "நோவு கம்மியாய்ட்டப்புறம் எதுக்கு மாத்திர? வயித்துல போயி வேல இல்லாம குந்திகினு இருக்கவா?" என்று அம்மாவைக் கேட்பார்.

அது இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்துச் சனங்கள் கொதித்துக்கொண்டிருந்த காலம். புரட்டாசி பிறந்ததும் ஒரு வாரம் சாலை மறியல் என்று முடிவாயிற்று. நான் கைக்குழந்தையோடு அம்மா வீட்டுக்கு வந்தவள், என் வீட்டுக்காரர் ஊரான திருநாவலூருக்குத் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டேன். பஸ் இல்லை, லாரி இல்லை. ஊருக்கு ஊர் சாலையோரத்து மரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். எங்கள் ஊர் எல்லையில் எதை வெட்டுவது என்று இளவட்டங்கள் கேட்டபோது, முனி கோயிலை ஒட்டி நின்ற கிழட்டுப் புளியமரத்தை அப்பாதான் காட்டினார். "உள்ள பொக்கையாப் போச்சி, எப்படியும் வுழப்போறதுதான்" என்றார். அது சாய்ந்ததும் அதன்மேல் ஏறி நின்று, "இனிமே ஒரு சைக்கிளுகூட இந்தாண்ட வரக்கூடாது!" என்று சத்தம் போட்டாராம். வீட்டுக்கு வந்தும் அதே கொண்டாட்டம்தான். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை கூழ் குடிக்க உட்கார்ந்தார். வாயின் வலப்பக்கமாகக் கூழ் வழிந்தது. அது அவருக்குத் தெரியவில்லை. அம்மாவிடம் மிளகாய் கேட்க நினைத்தவர், "மாடு, மாடு" என்றார். அம்மா மாட்டைத் திரும்பிப் பார்த்தாள். அவர் மறுபடி "மாடு" என்றார், இந்த முறை கோபமாக. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. சொம்பு கையிலிருந்து உருண்டது. நான் குழந்தையை அப்படியே பாயில் போட்டுவிட்டு ஓடினேன்.

சித்தப்பா பக்கத்து வீடு. வந்தார், பார்த்தார், ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "முனி அறைஞ்சிடுச்சி."

எங்கள் பக்கத்தில் வாய் கோணினால் இதுதான் காரணம். வேளை கெட்ட வேளையில் கோயில் பக்கம் போனவனை, எல்லைக்குள் தப்பு செய்தவனை முனி கன்னத்தில் அறைவார், முகம் திரும்பிக்கொள்ளும். யாருக்காவது வாய் கோணினால் எங்கே போனான், என்ன செய்தான் என்று ஊரே உட்கார்ந்து தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். இங்கே தேடவே வேண்டியதில்லை. முந்தின நாள்தான் முனி எல்லையில் மரத்தை வெட்டினோம், வெட்டச் சொன்னது இவர், மரத்தின்மேல் ஏறி நின்றதும் இவர். ஒருத்தருக்கும் சந்தேகமே வரவில்லை. பூசாரி வந்தார். வேப்பிலையால் முகத்தில் நீவி, எலுமிச்சம்பழத்தைத் தலையைச் சுற்றி அறுத்துப் போட்டு, நெற்றி நிறைய விபூதி பூசினார். பூசிக்கொண்டிருக்கும்போதே அப்பாவின் வாய் நேராக வந்தது. கையைத் தூக்கினார். "மொளகா எங்க?" என்றார்.

வீடு முழுக்க அழுகையும் சிரிப்பும். எனக்கும் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு கேள்வி விடவில்லை. போன கை திரும்பி வந்தது சரி, முதலில் எங்கே போயிருந்தது?

இன்றைக்கு அதற்கு விடை தெரியும். பிற்காலத்தில் என் வீட்டுக்காரருக்கு நெஞ்சு நோவு வந்தபோது, வைத்தியம் பார்த்த டாக்டரிடம் அப்பாவைப் பற்றிக் கேட்டேன். பொறுமைசாலி, உட்கார வைத்துச் சொன்னார். வயதாக ஆக ரத்தக் குழாய் பழைய ரப்பர் குழாய் மாதிரி விறைத்துப்போகிறது. பிரஷர் அதைப் போட்டு இடிக்கிறது. சிலருக்கு இதயமும் தாளம் தப்பி அடிக்க ஆரம்பிக்கும், உள்ளே ரத்தம் தேங்கும், தேங்கினால் கட்டியாகும். அதில் ஒரு துணுக்கு மூளைக்குப் போய்க் குழாயை அடைத்தால் கை போகும், பேச்சு போகும். சின்னத் துணுக்காக இருந்தால் தானே கரைந்துவிடும், எல்லாம் திரும்பி வந்துவிடும். "அப்படித் திரும்பி வந்ததைத்தான் நாங்கள் எச்சரிக்கை என்று சொல்கிறோம். பெரியது பின்னாலேயே வரலாம், அன்றைக்கேகூட" என்றார். எலுமிச்சம்பழம் அறுக்காவிட்டாலும் அன்று அப்பாவின் வாய் நேராகியிருக்கும். மார்பில் படபடத்த அந்தக் கோழிக்குஞ்சுதான் முனி என்று எங்களுக்குச் சொல்ல அப்போது யாரும் இல்லை.

ஆனாலும் அன்றே நான் விடவில்லை. வண்டியைக் கட்டச் சொன்னேன். "சங்கராபுரம் வரைக்கும் போயி ஒரு தடவ பாத்துகினு வந்துடலாம்பா."

"எதுக்கு? சரியாப்பூடுச்சி."

"திரும்பி வந்தா இன்னா பண்ணுவ?"

"அதான் சரியாப்பூடுச்சின்றன் இல்ல?"

அம்மாவும் கெஞ்சினாள். கடைசியில்தான் அவர் மனதில் இருந்தது வெளியே வந்தது. "நேத்து மரத்து மேல ஏறி நின்னு சைக்கிளுகூட வரக்கூடாதுன்னு சொன்னவன் நானு. இன்னிக்கி நானே வண்டியக் கட்டிகினு போயி, எனக்கு வழி வுடுங்கடான்னு நிக்கறதா? அதுவும் நல்லா இருக்கற ஒடம்ப வெச்சிகினு? பசங்க மூஞ்சில எப்படி முழிக்கறது?"

அதோடு பேச்சு முடிந்தது. முனிக்குப் பொங்கல் வைப்பதாக வேண்டிக்கொண்டு அவர் மாட்டுக்குத் தீவனம் போடப் போய்விட்டார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் போகிற இடமெல்லாம் பின்னாலேயே போனேன். தண்ணீர் குடித்தால் வாய் ஓரத்தைப் பார்த்தேன். எதையாவது எடுத்தால் கையைப் பார்த்தேன். "இன்னாத்துக்குடி என்னக் காவல் காத்துகினு இருக்க? நானு இன்னா கன்னுக்குட்டியா?" என்று திட்டினார். திட்டு தெளிவாக வந்ததில் எனக்கு ஒரு நிம்மதி. அடுத்த நொடியே அந்த நிம்மதி போய்விடும். இப்படியே இரண்டு நாள் கழிந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் கொட்டகையில் கன்றுக்குட்டியை அவிழ்க்கக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை. நான் போய்ப் பார்த்தபோது கண் திறந்திருந்தது. வலப்பக்கம் மொத்தமும் துவண்டு கிடந்தது. கன்றுக்குட்டி அவர் முகத்தை நக்கிக்கொண்டிருந்தது.

மறுபடியும் கூட்டம். பூசாரி வேப்பிலையோடு வந்தார். இந்த முறை வாய் நேராகவில்லை. சித்தப்பா, "இது வாதம். புறாவப் புடிச்சி சூடா ரத்தம் தேச்சா நரம்பு எழுந்துக்கும்" என்றார். அம்மாவுக்கு அழுகையிலும் ஆத்திரம் வந்தது. "பெருமாளுக்கு வெரதம் இருக்கற மாசம், வூட்டுக்குள்ள ரத்தமா?" கொட்டகையில் வைத்துத் தேய்த்தால் தோஷம் இல்லை என்று ஒருவர் சொன்னார். கொட்டகையும் வீட்டோடு சேர்த்திதான் என்றார் இன்னொருவர். மனிதர் சாணியில் கிடக்கிறார், இவர்கள் புரட்டாசியில் புறா ரத்தம் ஆகுமா ஆகாதா என்று வழக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தலைக்கேறிவிட்டது. சித்தப்பா என்றும் பார்க்கவில்லை, பூசாரி என்றும் பார்க்கவில்லை. "எல்லாரும் வாய மூடுங்க! கயித்துக் கட்டில எடுத்துகினு வாங்க!" என்று கத்தினேன். என் குரலுக்கு நானே பயந்தேன். ஆனால் கட்டில் வந்தது.

மாட்டு வண்டியில் கட்டிலை வைத்து ஓட்டினோம். முனி கோயில் எல்லையில் அந்தப் புளியமரம் இலை வாடிப்போய்க் குறுக்கே கிடந்தது. மறியலில் இருந்த இளவட்டங்கள் எழுந்து நின்றார்கள். நான் கும்பிடுவதற்குக் கையைத் தூக்கினேன், அவ்வளவுதான். அதற்குள் அவர்கள் கட்டிலைத் தோளுக்கு ஏற்றிவிட்டார்கள். மரத்தைத் தாண்டி அந்தப் பக்கம் இறக்கினார்கள். ஒருவன் ஓடிப்போய் டிராக்டர் கொண்டுவந்தான். அடுத்த ஊர் மரத்திலும் அப்படித்தான், அதற்கடுத்த ஊரிலும் அப்படித்தான். ஒருவன் வயல்வழியே முன்னாலேயே ஓடிச் சொல்லிவிட்டான், கிளையைக் கழித்து வழி செய்து வைத்திருந்தார்கள். ஒருத்தர்கூட எங்கே, ஏன் என்று நிறுத்திக் கேட்கவில்லை.

அந்த முதல் மரத்தில் கட்டிலைத் தூக்கிய ஒருவன் என்னிடம் சொன்னதுதான் இன்றுவரை உறுத்துகிறது. "அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லி இருந்தா, நாங்களே தூக்கிகினு போயிருப்பமே அக்கா. நோவுக்காரங்கள நாங்க எங்க நிறுத்தறம்? பெரிப்பாவுக்கா வழி வுட மாட்டம்?" அப்பா இதைக் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார். கண் ஓரத்தில் தண்ணீர் வழிந்தது. கேட்டதால் வந்ததா, கண் இமை மூடாததால் வந்ததா தெரியாது.

கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரியில் பொழுது சாயத்தான் சேர்த்தோம். உயிரைக் காப்பாற்றினார்கள். முதல் தடவை வாய் கோணியபோதே வந்திருக்கலாமே என்று டாக்டர் கேட்டார். வந்திருந்தால் இது வராமல் தப்பித்திருப்பாரா என்று நான் திருப்பிக் கேட்டதற்கு, நிச்சயமாகச் சொல்ல முடியாது, ஆனால் முயற்சி பண்ண நேரம் இருந்திருக்கும் என்றார். அந்த நேரத்தை நினைத்தால் இப்போதும் என்னால் உட்கார முடிவதில்லை.

அப்பா அதற்குப் பிறகும் சில வருஷங்கள் இருந்தார். கோலை ஊன்றி வாசல் வரை நடந்தார். வலது கை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. நாம் பேசுவது எல்லாம் புரிந்தது. பேச்சுத்தான் வரவில்லை. சிலருக்கு இப்படி ஆகும்போது ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சுமாம், எதைச் சொல்ல நினைத்தாலும் அதுதான் வருமாம். அப்பாவுக்கும் ஒன்று மிஞ்சியது.

"சரியாப்பூடுச்சி."

பசித்தாலும் அதுதான். கால் வலித்தாலும் அதுதான். என் குழந்தையைக் கொஞ்சினாலும் அதுதான். கன்றுக்குட்டி செத்துப்போன அன்று மாரில் அடித்துக்கொண்டு "சரியாப்பூடுச்சி, சரியாப்பூடுச்சி" என்று அழுதார். பிறகு ஒருநாள், கேட்ட இட ஒதுக்கீட்டில் ஒரு பங்கு கிடைத்துவிட்டது என்று மரத்தைத் தாண்டிக் கட்டில் தூக்கிய அதே ஆட்கள் வந்து அவர் காதருகே சொன்னார்கள். அப்பா அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "சரியாப்பூடுச்சி" என்றார். அவர்கள் கை தட்டினார்கள், ஒருவன் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டான். சந்தோஷத்தில்தான் சொன்னாரா, வேறு ஏதாவது கேட்க நினைத்தாரா? நான் கொல்லைப்புறம் போய் அழுதேன்.

இத்தனை வருஷம் எனக்கு அவர்மேல் கோபம் உண்டு. பெரிய வீராப்பு, ஒரு வார்த்தை கேட்க வாய் வரவில்லையா என்று மனதுக்குள் சண்டை போட்டிருக்கிறேன். அந்தக் காலையில் பூண்டும் கையுமாக உட்கார்ந்திருந்தபோதுதான் அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. போன கை திரும்பி வந்ததும் அப்படி ஒரு ஆசை வருகிறது, ஒன்றுமே நடக்கவில்லை என்று இருந்துவிட. மகன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறான், பேரனுக்குப் பரீட்சை, இந்த நேரத்தில் எதற்கு ஊரைக் கூட்டுவது என்று பிறர்மேல் அக்கறையாகவும் அது வேஷம் போட்டுக்கொண்டு வருகிறது. சாலையில் மரம் எதுவும் கிடக்கவில்லை. வண்டி வாசலில்தான் நின்றது. ஆனாலும் எனக்கு வாய் வரவில்லை.

"அத்தே! உங்களத்தான் கேக்கறன். இன்னா ஆச்சி?"

"சரியா..." என்று தொடங்கிவிட்டேன். அப்பாவின் குரலிலேயே வந்தது. பல்லைக் கடித்து நிறுத்தினேன்.

"சரியாவலம்மா," என்றேன். "இப்ப கொஞ்ச நேரம் கை வரல, பேச்சு வரல. அவன வேலைக்குப் போவ வேணான்னு சொல்லு. வண்டிய எடுக்கச் சொல்லு."