ஒரே பின்கதவு

தண்டையார்பேட்டையில் அந்த வீட்டில் நாங்கள் இரண்டு குடித்தனம். முன்பக்கம் அவர்களுக்கு, பின்பக்கம் எங்களுக்கு. முன்பக்கத்துக்காரியின் புருஷனும் என் வீட்டுக்காரரும் ஒரே நாளில்தான் துறைமுகத்தில் தினக்கூலியாகச் சேர்ந்தார்கள். அவள் புருஷனுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. இவர் மட்டும், இன்றைக்காவது பேர் கூப்பிடுவார்களா என்று காலையில் கேட் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

எனக்கு வயிறு எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

எல்லாம் அவள் எடுக்கும் வரலட்சுமி நோன்பால் வந்தது என்றுதான் நம்பினேன். மாமியார் கொடுத்த வெள்ளி முகத்தைக் கலசத்தில் வைத்து, வாசலுக்குப் போய் லட்சுமியை உள்ளே அழைத்து வருவாள். எங்கள் குடும்பத்தில் அந்த நோன்பு வழக்கமில்லை. வழக்கமில்லாதவர்கள் நினைத்தபடி எடுக்கவும் கூடாது. தாம்பூலம் வாங்கிக்கொண்டு வருவதோடு சரி. அந்த வருஷம் வெள்ளி முகத்துக்கு மூக்குத்தி வேறு போட்டிருந்தாள். என் மூக்கில் வேப்பங்குச்சி.

விளக்கு வைக்கும்போது முன்கதவைத் திறந்து பின்கதவைச் சாத்த வேண்டும். இல்லாவிட்டால் வந்த லட்சுமி பின்பக்கமாகப் போய்விடுவாள். நோன்பன்று சாயங்காலம் அவள் விளக்கேற்றும் நேரம் பார்த்து, நான் சத்தமில்லாமல் பின்கதவின் தாழ்ப்பாளை நீக்கி விரியத் திறந்து வைத்தேன். பிறகு ஒன்றும் தெரியாதவள்போல் தாம்பூலத்துக்குப் போய் உட்கார்ந்தேன்.

காற்றில் விளக்கு படபடத்தது. அவள் ஓடிப்போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"யாரு தெறந்தது? ரெண்டு வூட்டுக்கும் கீறது ஒரே கதவு. எங்க லட்சுமி போனா உங்க லட்சுமியும் கூடவே பூடுவாளே!"

அது எனக்குத் தோன்றவே இல்லை. தாழ்ப்பாளை நீக்கிய என் கையைப் பிடித்து, ஒன்பது முடிச்சுப் போட்ட மஞ்சள் சரட்டைக் கட்டினாள்.

"உன் வூட்டுக்காரருக்கு வேலை நிலைக்கணும்னு வேண்டிகினு, உனுக்கும் ஒண்ணு வச்சேன்மே."

மறு மாதமே இவருக்கு வேலை நிரந்தரமானது. ஒரு டம்ளர் சர்க்கரையோடு அவளிடம் சொல்லப் போனேன்.

"எனுக்குத் தெரியும்மே, அம்மா குடுப்பான்னு" என்று வெள்ளி முகம் இருந்த பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டாள்.

எத்தனை வருஷம் காத்திருந்த வேலை! அதையும் அவள்தான் எனக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறாள். அடுப்படிக்கு வந்து உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து இவர் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.