கருங்காலியின் மகன்

சூசைநாதன் சார் போய்விட்டார் என்று போன் வந்தபோது, எங்கள் நூலின் பக்கங்களைத்தான் திருத்திக்கொண்டிருந்தேன். பெங்களூர் மர்பி டவுனில் அவரை அறியாதவர் குறைவு. என்னோடு கல்லூரியில் வரலாறு கற்பித்தவர். கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூருக்கு வந்த தமிழ்க் குடும்பங்களைப் பற்றி, அரசு தந்த ஆய்வு நிதியில் இருவரும் சேர்ந்து எழுதிவந்தோம்.

எந்த வீட்டுக்குப் போனாலும், ரெக்கார்டரை எடுக்குமுன் தன் கதையைச் சொல்வார். "எங்கப்பா கருங்காலிங்க. எல்லாரும் ஸ்ட்ரைக்ல உக்காந்திருந்தப்ப தனியா சுரங்கத்துல எறங்கினவரு." எனக்கு உடம்பு கூசும். வெளியே வந்ததும் சண்டை போடுவேன். "நம்ம வீட்டு அழுக்க மூடிவெச்சிட்டு, அடுத்தவன் வீட்டுப் பெட்டிய தெறக்கச் சொல்றது ஞாயமாப்பா?" என்பார்.

அதையே ஓர் அத்தியாயமாகவும் எழுதினார். சொந்தக் குடும்பக் கதையை விட்டுவிடலாமே என்று நிதிக்குழுவிலிருந்து குறிப்பு வந்தது. நான் உடனே ஒத்து ஊதினேன். சார் சிரித்தார். "இது ஜனங்க காசுப்பா. அதுல எங்கப்பாவ மட்டும் நல்லவராக்க முடியுமா?" எடுக்க மாட்டேன் என்று பதில் போட்டுவிட்டார். அவருக்கு உடும்புப் பிடி. குழுவும் பிறகு வாயைத் திறக்கவில்லை.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் அவர் தம்பி அந்தோணி என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணன் போயிட்டாரு சார். பொண்ணுக்கு மாப்ள பாத்துக்கிட்டிருக்கேன். அப்பா விஷயத்த புக்லேர்ந்து ஸ்வல்ப பாத்து எடுத்துடுங்க." குழியில் மண் விழுந்துகொண்டிருந்தது. நான் தலையாட்டினேன். அழுகிறவரிடம் எப்படி மறுப்பது என்று சமாதானம் சொல்லிக்கொண்டாலும், தொல்லை விட்டது என்றுதான் உள்ளுக்குள் தோன்றியது. அதை நினைத்தால் வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

போன வாரம் நீலசந்திராவில் பேட்டிக்கு மீதமிருந்த ஒரு வீட்டுக்குத் தனியாகப் போனேன். அந்த வீட்டுச் செல்லம்மாவின் கணவர் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ரெக்கார்டரை வைத்து, "சொல்லுங்கம்மா" என்றேன்.

அவர் சொல்லவில்லை. "நீங்க யாரு வூட்டுப் புள்ள?" என்று கேட்டார்.

சாரிடம்கூடச் சொல்லாததைச் சொன்னேன். "எங்க தாத்தா சுரங்க கேட்ல வாட்ச்மேன்மா. வேல முடிஞ்சு வர்றவங்கள நிறுத்தி, தங்கம் ஒளிச்சிருக்காங்களான்னு துணிய அவுத்து ஒதறச் சொன்னவரு."

செல்லம்மா என்னையே பார்த்தார். "எங்க வூட்டுக்காரரும் ஒதறியிருப்பாரு" என்றார். பாயை விரித்துப் போட்டு, "உக்காருங்க, சொல்றேன்" என்றார்.

அந்தோணி சார், கல்லறைத் தோட்டத்தில் நான் தலையாட்டியது பொய். மன்னித்துவிடுங்கள். உங்கள் அப்பாவின் அத்தியாயம் நூலில் இருக்கும். அதற்கு முன்னால் என் தாத்தாவுடையது இருக்கும். உங்கள் அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த வரிசைதான்.