இடது காதில் விழாத சத்தம்

சூசை தலையைத் திருப்பவில்லை.

அவ்வளவுதான் நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், என் வீட்டு முன்னறையில், பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு மனிதன் தலையைத் திருப்பவில்லை. அதனால் நான் ஒரு நல்ல நண்பனை இழந்தேன். இரண்டு மாதமாக எழுதுவதா வேண்டாமா என்று யோசித்துவிட்டு, இன்று பெயரை மட்டும் மாற்றி எழுதுகிறேன்.

நான் கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் குமாஸ்தா என்பது வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும். புதுத் துறைமுகத்துக்கு உரம் கொண்டுவந்த ஒரு ஜெர்மன் கப்பலில் ரேடியோ ஆபீசருக்குப் பல்வலி. கன்னம் வீங்கித் துடித்த மனுஷரை டாக்டரிடம் கூட்டிப் போனேன். புறப்படும்போது இரண்டு எல்.பி. ரெக்கார்டுகளை என் கையில் திணித்துவிட்டுப் போனார். மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஸ்டீரியோ பிளேயர் வீட்டில் சும்மா கிடந்தது. கூடவே ஒரு ஹெட்போன்.

போட்டுப் பார்த்தேன். பாடகர் இல்லை. வயலின் இல்லை, தபேலா இல்லை. எல்லாமே மின்சாரத்தில் பிறந்த சத்தம். சிந்தசைசராம்! முதல் ஐந்து நிமிஷம் ரேடியோவில் ஸ்டேஷன் தேடுகிற மாதிரி இருந்தது. பத்தாவது நிமிஷம் தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். குமிழிகள் வெடிக்கின்றன. பொம்மை ரயில் ஒன்று போகிறது. யாரோ கண்ணாடித் தம்ளர்களைத் தட்டித் தட்டி ஒரு தாலாட்டைத் தேடுகிறார்கள்... பாதியில் மறந்துபோய் மறுபடி ஆரம்பிக்கிறார்கள். இத்தனைக்கும் அடியில், தூரத்துக் கடல் போல ஒரு நீண்ட சுருதி.

இரண்டாவது ரெக்கார்டில் ஒரு வேடிக்கை உண்டு. ‘டிங்’ என்று ஒரு சின்ன ஸ்வரம் இடது காதில் குதிக்கும். அடுத்த ‘டிங்’ வலது காதில். மறுபடி இடது. யாரோ பந்து விளையாடுவது போல. ஹெட்போனில் கேட்கிறவர் தன்னை அறியாமல் இங்கேயும் அங்கேயும் தலையைத் திருப்புவார். என் மனைவி திருப்பினாள். தபால்காரர் திருப்பினார். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் நாற்காலியோடு சேர்ந்தே திரும்பினார்! வீட்டுக்கு வருகிறவர்களை எல்லாம் உட்காரவைத்து இந்தக் கூத்தை ரசிப்பது எனக்கு வாடிக்கையாகிவிட்டது.

சூசை பக்கத்துத் தெரு. என்னைவிட ஆறு வயது சின்னவன். மூச்சைப் பிடித்துக்கொண்டு எட்டு பாகம் ஆழத்துக்குப் போய்ச் சங்கு எடுத்து வருகிறவன். அதாவது ஏறக்குறைய ஐம்பது அடி. அன்றைக்கு ஹெட்போனை அவனுக்கு மாட்டிவிட்டேன். ஊசியை வைத்தேன். காத்திருந்தேன்.

தலை அசையவில்லை.

“எப்படிலே இருக்கு?”

“மெட்டு நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. ஆனா நின்னு நின்னுல்லா வருது? கரண்டு சரியில்லையோ?”

ஒயர் கழன்றுவிட்டது என்று நினைத்தேன். வாங்கி என் காதில் வைத்தேன். பந்து அங்கும் இங்கும் குஷியாகக் குதிக்கிறது. ஒரு கோளாறும் இல்லை. சரி, என்று ஹெட்போனை இடம் வலமாக மாற்றி மறுபடி மாட்டினேன்.

“இப்ப எந்தக் காதுல கேக்கு?”

“வலது.”

“முன்னாடி?”

“அப்பவும் வலதுதான்...”

சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கே புரிந்துவிட்டது. ஹெட்போனைக் கழற்றி மெதுவாக மேஜைமேல் வைத்தான்.

நாலு நாளைக்கு முன் கடலுக்கடியில் ‘டப்’பென்று ஒரு சத்தம் கேட்டதாம். மேலே வந்தபோது காதிலிருந்து ரத்தம். துடைத்துவிட்டான். அடைப்பு, தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்தானாம். மறுநாளும் இறங்கியிருக்கிறான்.

“தண்ணி உள்ள போனதும் தல கிர்ருனு சுத்திச்சு அண்ணாச்சி. மேலன்னு நெனச்சு நீந்துதேன்... கையில மண்ணு தட்டுது. கீழயே போயிருக்கேன். நங்கூரக் கயிறு ஒடம்புல பட்டுச்சு. அத புடிச்சு ஏறுனேன்.”

“ரோஸ்லினுக்குத் தெரியுமா?”

ரோஸ்லின் அவன் மனைவி. தெரியாது என்று தலையாட்டினான். இரண்டு நாள் காய்ச்சல் என்று சொல்லிக் கரையில் இருந்திருக்கிறான். நாளைக் காலை மறுபடி படகு.

“போகாதேடா. ஆஸ்பத்திரிக்கு வா.”

“ஆஸ்பத்திரிக்குப் போனா முங்குத ஆளுக லிஸ்டுல என் பேர அடிச்சிருவாவ. கடல்ல எறங்கலன்னா நான் ஆரு அண்ணாச்சி? நாளைக்குப் பஞ்ச எண்ணெயில முக்கி அடச்சிக்கிடுதேன். நீங்க ஆருகிட்டயும் சொல்லிராதிய. எனக்கு வாக்குக் குடுங்க.”

கொடுத்தேன். அந்தக் கண்களுக்கு முன்னால் வேறு என்ன செய்வது?

சாயங்காலம் மனசை வேறு பக்கம் திருப்ப முதல் ரெக்கார்டைப் போட்டேன். குமிழிகள் வந்தன. ஒரு வாரமாகச் சிரித்துக் கேட்ட குமிழிகள்... இப்போது ஒருவன் வாயிலிருந்து வருகிறவை போல இருந்தன. ஒன்று, இரண்டு, பிறகு ஒரு நீண்ட இடைவெளி. ஊசியைத் தூக்கிவிட்டேன். அவசரத்தில் ரெக்கார்டில் ஒரு கோடு விழுந்தது.

வாக்கா, ஆளா? கேள்வி இவ்வளவுதான். பதில் தெரிவதற்கு எனக்கு விடியும்வரை ஆனது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை காலை கடற்கரைக்கு ஓடினேன். ஓட்டம் என்றால் ஓட்டம் — ஒரு செருப்பு வழியிலேயே போயிற்று. வள்ளத்தைத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். சூசை இடுப்பளவு தண்ணீரில், ஒரு கையால் விளிம்பைப் பிடித்தபடி நின்றான். லாசர் அண்ணாச்சிதான் அந்த வள்ளத்துக்குத் தலைவர். தலை நரைத்த, அதிகம் பேசாத மனிதர்.

“அண்ணாச்சி, சூசைய ஏத்தாதிய! அவனுக்கு எடது காது ஒடஞ்சிருக்கு. கேக்கல!”

தள்ளிக்கொண்டிருந்த பத்துப் பேரும் நின்றுவிட்டார்கள். சூசையின் முகம் கறுத்தது.

“பொய் சொல்லுதாரு! என்னமோ பாட்டுப் பொட்டிய வச்சுக்கிட்டு ஒளருதாரு. நீங்க தள்ளுங்க அண்ணாச்சி!”

நான் என்ன சொல்லி நிரூபிப்பேன்? ஜெர்மன்காரன் ரெக்கார்டில் பந்து குதிக்கவில்லை என்றா?

லாசர் அண்ணாச்சி கயிற்றைச் சரிசெய்வதுபோல நகர்ந்து, சூசையின் இடது பக்கமாக, கொஞ்சம் பின்னால் போய் நின்றார். அலைச் சத்தத்துக்குள் சாதாரணக் குரலில் சொன்னார்.

“சூசை, அந்தா ஒம் மவ அழுதுக்கிட்டு ஓடி வாரா பாரு.”

பத்துப் பேரும் ரோட்டுப் பக்கம் திரும்பினார்கள். நானும் திரும்பினேன்.

சூசை மட்டும் என்னையே முறைத்துக்கொண்டிருந்தான்.

எல்லாரும் ஏன் திரும்பினார்கள் என்று அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெம்பில்லை. லாசர் அண்ணாச்சி அவன் தோளில் கைவைத்து, இந்த முறை வலது காதுப் பக்கம் குனிந்து, “கரைக்குப் போலே மக்கா” என்றார்.

தண்ணீர் சொட்டச் சொட்ட அவன் என்னைக் கடந்து போனான். ஒரு நிமிஷம் நின்றான்.

“இனிமே என் வாசல்ல கால வைக்காதயும்.”

‘அண்ணாச்சி’ இல்லை. இருபது வருஷத்தில் முதல் தடவையாக.

ஆஸ்பத்திரிக்கு ரோஸ்லின்தான் இழுத்துப் போனாள். செவிப்பறையில் பெரிய ஓட்டை என்றார் டாக்டர். உள்ளே சீழ் வைக்க ஆரம்பித்திருந்தது. இன்னொரு தடவை முங்கியிருந்தால் தலை சுற்றித் திசை தெரியாமல் அங்கேயே தங்கியிருப்பான் என்றாராம். ஆறு மாதத்துக்குத் தண்ணீர் ஆகாது. ஓட்டை மூடலாம், மூடாமலும் போகலாம். இப்போது சங்குக் கிட்டங்கியில், அதாவது கோடவுனில் உட்கார்ந்து, மற்றவர்கள் எடுத்துவரும் சங்குகளை வளையத்தில் விட்டு அளவு பார்க்கிறான். சைக்கிளில் எதிரே வந்தால் வேறு சந்தில் திரும்பிவிடுகிறான்.

ஒன்று மட்டும் அடிக்கடி தோன்றுகிறது. அன்றைக்கு நான் நல்ல சங்கீதம் எதையாவது போட்டிருந்தால்? ஒரு கச்சேரி, ஒரு சினிமாப் பாட்டு? ஒற்றைக் காதாலேயே முழுசாகக் கேட்டு, “பிரமாதம் அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு, திங்கட்கிழமை கடலுக்குப் போயிருப்பான். விளையாட்டுச் சத்தம் என்று நாலு பேர் கேலி செய்த ரெக்கார்டுதான் காட்டிக்கொடுத்தது. காட்டிக்கொடுத்ததில் எனக்கும் பங்கு உண்டு என்பதுதான் சூசையின் வழக்கு. அதில் எனக்கு மறுப்பில்லை.

போன வாரம் மார்க்கெட்டில் ரோஸ்லினைப் பார்த்தேன். கையில் மீன் கூடை. தயங்கித் தயங்கிக் கேட்டேன் — “எப்படிம்மா இருக்கான்? என்மேல கோபம் கொறைஞ்சிருக்கா?”

“எங்க அண்ணாச்சி! காலையில எந்திரிச்சா ஒங்களத்தான் ஏசுதாவ. சாப்பிடும்போது ஏசுதாவ. எனக்கே கேட்டுக் கேட்டுச் சலிச்சுட்டு.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் கூடையை இடுப்பில் மாற்றி வைத்தாள்.

“ஏசட்டும் அண்ணாச்சி. ஏசுததுக்கு வீட்டுல ஆளு இருக்காவல்லா?”